ஓசை ஒடுங்க விடுதல்

பக்திப் பாட்டு என்றால் குரலுக்குப் பின்னால் நீளமான எதிர்முழக்கம் இருந்தே ஆக வேண்டும் என்பது தமிழ்நாட்டு ஒலிப்பதிவுக் கூடங்களில் பலரும் கேள்வி கேட்காமல் பின்பற்றும் வழக்கம். பாடுபவர் பஞ்சும் துணியும் ஒட்டிய சிறிய அறைக்குள் நின்று பாடுகிறார். அந்தப் பாட்டு வெளியே வரும்போது ஆயிரங்கால் மண்டபத்தில் நின்று பாடியது போல ஒலிக்கிறது. திருவண்ணாமலையில் மலையை வலம்வரும் 14 கிலோமீட்டர் பாதையின் மேற்குப் பக்கம் அடி அண்ணாமலை இருக்கிறது. ஆதி அண்ணாமலை என்றும் சொல்வார்கள். அருணாசலத் துதி ஒன்றை, அந்த ஊர் நினைவோடு, ஜமைக்காவில் பிறந்த டப் பாணியில் அமைக்க ஒருவர் உட்கார்ந்தால் அவர் முன் வரும் முதல் கேள்வி, எந்த டிலே, எவ்வளவு ரிவெர்ப் என்பதுதான். இது காதின் ருசியைப் பொறுத்த விஷயம், இதில் சமயத்துக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு குரலின் மேல் எதிரொலியை ஏற்றுகிறவர், அந்தக் குரல் எங்கிருந்து எழுகிறது, எங்கே போய் அடங்குகிறது என்பதற்குத் தமக்குத் தெரிந்தோ தெரியாமலோ ஒரு விடை சொல்லிவிடுகிறார். அந்தக் கேள்வியைப் பல நூற்றாண்டுகளாகத் தோண்டி வந்த சமயம் சைவம். அதன் பக்கத்தில் நின்று பார்த்தால், குரலைப் பெரிதாக்கிக் காட்டும் எதிரொலி ஒன்று, குரல் அடங்குவதைக் கேட்க வைக்கும் எதிரொலி வேறொன்று. துதிக்குப் பொருந்துவது இரண்டாவதுதான் என்பது என் வாதம்.

முதலில் இரண்டையும் பிரித்துக்கொள்ள வேண்டும். சாதாரண வெப்பநிலையில் ஒலி காற்றில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. 17 மீட்டர் தள்ளி இருக்கும் பாறையைப் பார்த்துக் கூவினால், போன ஒலி திரும்பி வரப் பத்தில் ஒரு நொடி ஆகும். கூவியதும் திரும்பி வந்ததும் தனித்தனியாகக் கேட்கும். இதுதான் எதிரொலி. கருவியில் இதைச் செய்வது டிலே. பாறை அருகே வர வர இடைவெளி குறையும். ஏறத்தாழ 30, 40 மில்லிநொடிக்குள் வரும் திரும்பொலியைக் காது தனியாகப் பிரிப்பதில்லை, மூல ஒலியோடு சேர்த்து ஒன்றாகவே கேட்கிறது. ஹெல்முட் ஹாஸ் 1949-இல் ஆராய்ந்து காட்டியது இது. ஒரு மண்டபத்துக்குள் சுவர், தூண், கூரை, தரை என்று நூறு திசையிலிருந்து திரும்பொலிகள் நெருங்கி விழுந்தால் எதையும் தனியாக எண்ண முடியாது. ஒரே முழக்கமாக மெல்லத் தேயும். அது எதிர்முழக்கம், ரிவெர்ப். டிலேயில் ஓசைக்கும் அதன் நகலுக்கும் நடுவே வெற்றிடம் இருக்கிறது. ரிவெர்ப்பில் அந்த வெற்றிடம் நிரப்பப்பட்டுவிடுகிறது. இந்த வித்தியாசத்தின் மேல்தான் மற்ற எல்லாம் நிற்கிறது.

இவற்றைச் செயற்கையாக உண்டாக்கிய வரலாறு நீளமானது, அதில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. 1940-களில் அமெரிக்காவில் குளியலறையில் ஒலிபெருக்கியையும் மைக்கையும் வைத்து முழக்கம் சேர்த்தார்கள். 1957-இல் ஜெர்மனியில் இ.எம்.டி. நிறுவனம் பெரிய இரும்புத் தகட்டைத் தொங்கவிட்டு அதிரச் செய்யும் கருவியைக் கொண்டுவந்தது. ஆர்கனில் இருந்த சுருள்கம்பி ரிவெர்ப் கிடார் பெட்டிகளுக்குள் போனது. காந்த நாடாவைச் சுழலவிட்டு, பதிந்ததைச் சற்றுத் தள்ளி இருக்கும் இன்னொரு தலை வாசிக்கும்படி அமைத்தால் நாடா எக்கோ. 1974-இல் ரோலண்டு வெளியிட்ட ஸ்பேஸ் எக்கோ ஆர்.ஈ.-201 இந்த வகையில் புகழ்பெற்றது. இன்று எல்லாமே கணினிக்குள் மென்பொருளாகக் கிடைக்கின்றன. தேர்வு எளிதாகிவிட்டதால்தான் யோசிக்காமல் தேர்ந்தெடுப்பதும் எளிதாகிவிட்டது.

டப் எங்கே வித்தியாசப்படுகிறது என்பதை அதன் பிறப்பே சொல்லும். 1960-களின் கடைசியில் ஜமைக்காவில் ரூடி ரெட்வுட் என்ற ஒலிபெருக்கி நடத்துநருக்கு வெட்டித் தரப்பட்ட ஒரு தட்டில் பாடகர்களின் குரல் சேர்க்கப்படாமல் விடுபட்டுப் போனது. அவர் அதை அப்படியே ஆட்டக்களத்தில் போட்டார். குரல் இல்லாத இடத்தில் கூட்டமே பாடியது. அதே நாட்களில் கிங்ஸ்டனில் ரேடியோ பழுதுபார்ப்பவராகவும் தட்டு வெட்டுபவராகவும் இருந்தவர் ஆஸ்போர்ன் ருட்டாக். கிங் டப்பி என்று உலகம் அறிந்தவர், 1941-இல் பிறந்து 1989-இல் கொல்லப்பட்டவர். அவர் இந்தக் காலி இடத்தைக் கலையாக்கினார். பாட்டின் நடுவே, குரலின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை இறக்குவார். ஒரே ஒரு சொல்லை மட்டும் டிலேக்குள் அனுப்பிவிட்டு மூலக் குரலை மூடிவிடுவார். சொன்னவர் போய்விட்டார், சொல் மட்டும் தேய்ந்தபடி திரும்பி வருகிறது. அடியில் பேஸும் டிரம்ஸும் நிற்கின்றன. 1973-இல் தன் பிளாக் ஆர்க் கூடத்தைக் கட்டிய லீ பெர்ரி, ஒலிப்பதிவுக் கூடத்தை உயிருள்ள ஒன்றாகவே நடத்தினார். இவர்கள் கையில் எதிரொலி அலங்காரமாக இல்லை. ஒன்றை எடுத்த பிறகு அது இருந்த இடத்தைக் காட்டும் வழியாக இருந்தது. ரெட்வுட்டின் களத்தில் கூட்டம் பாடியதற்குக் காரணமும் அதுதான்: நிரப்பாமல் விட்ட இடத்துக்குள் கேட்பவர் வந்து நிற்க முடிந்தது.

இப்போது அடி அண்ணாமலைக்கு வருவோம். கிழக்கே பெரிய கோயிலின் 217 அடி ராஜகோபுரம் நிற்க, மலைக்கு நேர் பின்புறம் இருக்கும் சிறிய கோயில் இது. பிரமன் நிறுவிய லிங்கம் என்பது தலபுராணம். அருகே மாணிக்கவாசகருக்குத் தனிக்கோயில் உண்டு. அவர் பாடிய திருவெம்பாவையின் 20 பாடல்களும் இங்கே பிறந்தன என்பது ஊர் நம்பிக்கை. ஒலியைப் பற்றி யோசிக்கும் எவரும் அந்தப் பதிகத்தின் முதல் பாடலிலேயே நின்றுவிட வேண்டும். தோழிகள் தெருவில் இறைவன் கழலை வாழ்த்திப் பாடிக்கொண்டு போகிறார்கள். அந்த ஓசை தெரு வழியாக வந்து வீட்டுக்குள் இருக்கும் ஒரு பெண்ணின் காதில் விழுகிறது. அவ்வளவுதான், அவள் விம்மித் தன்னை மறந்து, படுக்கையிலிருந்து புரண்டு விழுந்து கிடக்கிறாள். அவள் பாடவில்லை. கோயிலுக்குள் நிற்கவில்லை. பாடுபவர்களைப் பார்க்கவும் இல்லை. சுவரையும் கதவையும் கடந்து, மழுங்கி, குறைந்து வந்து சேர்ந்த ஓசை அவளை எடுத்துக்கொண்டது. ஓசையின் மூலம் கண்ணுக்கு மறைந்திருப்பதும், வந்தது பாதியாகவே வந்திருப்பதும் அந்த அனுபவத்துக்குக் குறையாகவில்லை. அதன் காரணமே அவைதான் என்று படிக்கவும் இடம் இருக்கிறது. கிங்ஸ்டனில் குரலை இறக்கிவிட்டுப் பாதிச் சொல்லை விட்டவர்களும் இந்த உண்மையைத் தம் வழியில் கண்டுகொண்டவர்களே.

இங்கே முதல் மறுப்பு வரும். எதிரொலி செயற்கை, ஆகவே பொய். மந்திரத்தோடு பொய்யைக் கலக்கலாமா? அண்ணாமலையில் இந்த மறுப்புக்குத் தனிக் கனம் உண்டு. அடிமுடி தேடிய கதை இந்த மலையின் கதை. முடியைக் காணாத பிரமன் கண்டதாகச் சொன்னான், தாழம்பூ அதற்குப் பொய்ச்சாட்சி சொன்னது, இருவரும் தண்டனை பெற்றார்கள். நிற்காத மண்டபத்தில் நின்றதாகச் சொல்லும் குரலுக்கும் தாழம்பூவுக்கும் என்ன வேறுபாடு என்று ஒருவர் கேட்டால் அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் இந்த மறுப்பு, கல்மண்டபத்தின் முழக்கம் மெய், இரும்புத் தகட்டின் முழக்கம் பொய் என்ற ஒரு நினைப்பின் மேல் நிற்கிறது. சைவ சித்தாந்தம் அந்த நினைப்புக்கு இடம் தருவதில்லை. சித்தாந்தம் எண்ணும் 36 தத்துவங்களில் நாதம் எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது. அப்படி இருந்தும் அது தத்துவமே, சுத்தமாயையிலிருந்து தோன்றுவதே. சிவம் நாதத்துக்கும் அப்பால். நான்கு வாக்குகளாகச் சொல்லப்படும் சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி எல்லாமே அறிவற்ற மாயையின் காரியங்கள். கருங்கல்லில் பட்டு வந்த ஓசையும் எஃகுத் தகட்டில் பட்டு வந்த ஓசையும் கணினியில் எண்ணாகிக் கணக்கிடப்பட்ட ஓசையும் இந்த வகையில் ஒரே குலம். கல் புனிதம், இரும்பு அபுனிதம் என்று பிரிக்கச் சித்தாந்தத்தில் ஆதாரம் தேடினால் கிடைக்காது. தாழம்பூ பொய்யானது அது பூவாக இருந்ததால் ஆகவில்லை, காணாததைக் கண்டதாகச் சொன்னதால் ஆனது. கருவியைக் குற்றம் சொல்வதை விட்டு, ஒரு குறிப்பிட்ட எதிரொலி எதைக் கண்டதாகச் சொல்கிறது என்று கேட்பதுதான் நியாயமான விசாரணை.

அப்படிக் கேட்டால், நாம் பழகிப்போன பக்தி ரிவெர்ப் ஒரு விநோதமான சாட்சியம் சொல்வது தெரியவரும். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரை அறை ஒன்றில் பேச்சு புரியாமல் போனது. அதைச் சரிசெய்யும் வேலை வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. பேச்சு அடங்க அங்கே ஏறத்தாழ ஐந்தரை நொடி ஆயிற்று. பக்கத்து அரங்கத்தின் மெத்தைகளை இரவில் கொண்டுவந்து அடுக்கி அளந்தார், எடுத்துவிட்டு அளந்தார். அறையின் கொள்ளளவும் அதிலுள்ள பொருள்கள் ஒலியை விழுங்கும் திறனும் முழக்கத்தின் நீளத்தை நிர்ணயிக்கின்றன என்ற விதி அதிலிருந்து பிறந்தது. விழுங்குவதில் மனித உடலுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதையும் அவர் அளந்தார். இதைக் கோயிலுக்குக் கொண்டுவந்து பாருங்கள். நடை திறந்த விழா நாளில், வேட்டியும் சேலையுமாக ஆயிரம் பேர் நெருக்கி நிற்கும் மண்டபத்தில் முழக்கம் குறுகிவிடுகிறது. நான்கைந்து நொடி நீளும் கணீரென்ற முழக்கம் ஆளில்லாத மண்டபத்துக்கு உரியது. ஆகவே நீள ரிவெர்ப்போடு வரும் பக்திப் பாட்டு நமக்குக் காட்டும் காட்சி, யாரும் இல்லாத கோயிலில் ஒரே ஒரு குரல் நின்று பாடுவது. திருவெம்பாவை காட்டும் காட்சியோ, ஒவ்வொரு வாசலாக நின்று ஒவ்வொருத்தியாக எழுப்பிக் கூட்டிக்கொண்டு போவது. அந்தப் பாடல்களை ஆளற்ற பெருமண்டபத்தின் முழக்கத்தில் முக்கித் தருவது பாட்டின் பொருளுக்கே எதிரான சாட்சியம். செயற்கை என்பதால் அது பிழையாகவில்லை, அடியார்களை வெளியேற்றிவிடுவதால் பிழையாகிறது.

இதற்குப் பதிலாக ஒருவர் சொல்லலாம்: மக்கள் அந்த முழக்கத்தைக் கேட்டுத்தானே மனம் உருகுகிறார்கள்? பிரமிப்பு பக்தியின் வாசல் இல்லையா? வாசல்தான். ஆனால் மெய்யான கோயிலில் அந்தப் பிரமிப்பு தனியாக வருவதில்லை. வெயிலிலிருந்து இருட்டுக்குள் நுழையும் கண், சூட்டிலிருந்து குளிர்ந்த கல்லுக்கு வரும் கால், எண்ணெயும் கற்பூரமும் சேர்ந்த வாசனை, இவற்றோடு சேர்ந்து காதுக்கு முழக்கம் வருகிறது. பதிவுக்கு இந்தத் துணை எதுவும் இல்லை, ஆகவே ஒரு மசாலாவை மட்டும் அள்ளிப் போட்டுச் சமைப்பது போல முழக்கத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. எம்.எஸ். சுப்புலட்சுமி 1963-இல் பதிவு செய்த வெங்கடேச சுப்ரபாதம் எத்தனையோ வீடுகளில் விடியற்காலையில் ஒலிக்கிறது. அது கேட்கும் வீட்டின் சுவர்களே அதற்கு முழக்கம் தருகின்றன. கூடம் ஒரு முழக்கம், சமையற்கட்டு வேறொரு முழக்கம். கேட்பவரின் இடத்துக்கு இடம் விட்ட பதிவு அது. கிரிவலப் பாதை போன்ற திறந்தவெளியில் நிலைமை வேறு. அங்கே சுவர் இல்லை. குழாய் ஒலிபெருக்கிகளை வரிசையாகக் கட்டினால் அருகிலுள்ளது முதலிலும் 34 மீட்டர் தள்ளியுள்ளது பத்தில் ஒரு நொடி பிந்தியும் கேட்கும். நடப்பவருக்கு இடமே ஒரு டிலேயைக் கொடுத்துவிடுகிறது. ஏற்கெனவே முழக்கத்தில் நனைந்த பதிவை அங்கே விட்டால் சொல் எதுவும் மிஞ்சாது.

எதிரொலி எதற்கு உதவக்கூடும் என்பதை இனிச் சொல்ல வேண்டும். 1907 நவம்பரில் இந்த மலையின் விருபாட்ச குகையில் நடந்த ஓர் உரையாடல் இதற்கு எனக்கு ஆதாரம். ஆண்டுக் கணக்கில் மந்திர ஜபம் செய்து களைத்த காவ்யகண்ட கணபதி முனி, தவம் என்றால் என்னவென்று அங்கே இருந்த ரமணரிடம் கேட்டார். நான் என்ற எண்ணம் எழும் இடத்தைக் கவனித்தால் மனம் அங்கே ஒடுங்கும், அதுவே தவம் என்பது முதல் விடை. மந்திரத்தைச் சொல்லும்போது அந்த மந்திர ஒலி எங்கிருந்து கிளம்புகிறது என்று கவனித்தால் மனம் அங்கேயும் ஒடுங்கும், அதுவும் தவம் என்பது இரண்டாவது. பின்னர் 1927-இல் அடியார் முருகனார் வேண்ட எழுதிய உபதேச உந்தியாரில், உரக்கத் துதிப்பதைவிட மெல்லச் சொல்வதும், அதைவிட மனத்தால் நினைப்பதும் மேல் என்று ரமணர் படி வைக்கிறார். இரண்டிலும் திசை ஒன்றுதான். வாய்க்கு வெளியே பரந்து போகும் ஓசையைப் பின்தொடராமல், அது புறப்பட்ட இடத்தை நோக்கித் திரும்புவது. சித்தாந்தத்தின் நான்கு வாக்குகளையும் இந்தத் திசையில் அடுக்கிப் பார்க்கலாம். வைகரியில் எழுத்துகள் தனித்தனியாகப் பிரிந்து செவிக்குக் கேட்கின்றன. மத்திமையில் அவை நெஞ்சுக்குள் வரிசையாக நிற்கின்றன, வெளியே ஓசை இல்லை. பைசந்தியில் வரிசையும் பிரிவும் தோன்றாமல் கலந்து கிடக்கின்றன. சூக்குமை அதற்கும் மூலம்.

நாடா எக்கோவில் ஒரு சொல்லை விட்டுக் கேட்டால் இந்தத் தேய்வின் நிழல் கேட்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் நாடா உச்ச அலைகளை இழக்கிறது. வல்லெழுத்தின் கூர்மை முதலில் போகிறது, பிறகு மற்ற மெய்கள் மழுங்குகின்றன, உயிரொலிகளின் கார்வை கொஞ்சம் தங்குகிறது, பிறகு அதுவும் போகிறது. எழுத்து வடிவம் முதலில் கரைந்து, ஒலியின் உடல் அதற்குப் பின்னால் கரைகிறது. கணினியின் சுத்தமான டிலே இதைச் செய்வதில்லை. அது முதல் நகலையும் ஏழாம் நகலையும் ஒரே கூர்மையில் தருகிறது, சத்தம் மட்டும் குறைகிறது. அதனால்தான் துதிக்கு நாடா எக்கோ, அல்லது அதைப் போலத் தேயும்படி உச்ச அலைகளை வடிகட்டிய டிலே பொருந்தும் என்கிறேன். கிங் டப்பியின் மிக்ஸரில் இருந்த வடிகட்டிக் குமிழ் நேர்மாறாகத் தாழ்ந்த அலைகளை அரித்தெடுக்கும். ஆட்டக்களத்துக்கு அது சரி. துதியில் அப்படி அரித்தால் உடல் போய் எலும்பு மட்டும் சலசலக்கும்.

இந்த இடத்தில் கூர்மையான வாசகர் ஒருவர் தடுப்பார்: காற்றில் ஓசை தேய்வது வெளியே நடக்கும் பௌதிக நிகழ்ச்சி, வாக்கு ஒடுங்குவது உள்ளே நடப்பது, ஒன்றை மற்றொன்றாகக் காட்டுவது தாழம்பூ வேலைதானே? அவர் சொல்வது சரி. நாடா எக்கோவைக் கேட்டவர் பைசந்தியைக் கேட்டுவிட்டார் என்று நான் சொன்னால் அது பொய்ச்சாட்சியம். நான் சொல்வது அதைவிடச் சிறியது. தேயும் ஓசையின் பின்னால் காதைக் கொண்டுபோகிறவர், ஒரு கட்டத்தில் இது இன்னும் கேட்கிறதா, நான் நினைத்துக்கொண்டிருக்கிறேனா என்று பிரிக்க முடியாத எல்லைக்கு வருகிறார். அந்த எல்லையில் கவனம் தானாகவே வெளியிலிருந்து உள்ளே திரும்புகிறது, கேட்பவர் தன் கேட்டலையே கவனிக்கிறார். அங்கே வந்து சேர்வது தவம் அன்று, தவம் தொடங்கக்கூடிய திண்ணை. கோயில் மணியின் கார்வையைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பதும் இதைத்தான் செய்கிறது. கருவி அந்தத் திண்ணை வரைக்கும் கொண்டுவிடலாம், அதற்கு மேல் உரிமை கொண்டாடக் கூடாது. நீள ரிவெர்ப் இந்தச் சிறிய உதவியைக்கூடச் செய்வதில்லை. ஒரு சொல்லின் வால் தேயும் முன்பே அடுத்த சொல்லின் தலை அதன் மேல் ஏறிவிடுவதால், எந்த ஓசையும் முடிவதைக் காது கேட்க முடியாமல் போகிறது.

அளவு என்று வரும்போது தமிழே ஒரு கட்டுப்பாடு வைக்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று இலக்கணம் ஓசையைக் காலத்தால் அளக்கிறது. கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியம் மாத்திரைக்கு அளவு சொல்கிறது. குறிலும் நெடிலும் மாறினால் பொருள் மாறும் மொழியில் எதிர்முழக்கம் என்ன செய்யும் என்று பாருங்கள். குறிலின் வால் நீண்டு நெடில் போல ஆகும், ஒற்றெழுத்தின் அரை மாத்திரை அடுத்த உயிருக்குள் மூழ்கும். சாதாரண பேச்சு தெளிவாக இருக்க வேண்டிய அறைக்கு முழக்கம் ஒரு நொடிக்குள் அடங்குவது நல்லது என்பது அறை ஒலியியலில் பொதுவான கணிப்பு. துதியின் சொல் கேட்க வேண்டும் என்று நினைப்பவர் ரிவெர்ப்பை அதற்கும் கீழே, சிறிய கல் மண்டபத்தின் அளவில், அடி அண்ணாமலை போன்ற கோயிலின் அளவில் வைத்துக்கொள்வது பொருத்தம். டிலேக்கு வேறு கணக்கு. நிமிடத்துக்கு 70 அடி விழும் மெதுவான டப் தாளத்தில் ஓர் அடிக்கு 857 மில்லிநொடி, முக்கால் அடிக்கு ஏறக்குறைய 643. முக்கால் அடியில் டிலே வைத்தால் நகல் தாளத்தின் மேல் விழாமல் இடையில் விழும், அடுத்த சொல்லை மறைக்காமல் நழுவிப் போகும். பாடும் வரியின் நடுவில் டிலேயைத் திறக்காமல், வரி முடிந்து மூச்சு வாங்கும் இடத்தில் திறப்பது என்று விதி வைத்துக்கொண்டால் மாத்திரைக்கு ஊறு வராது.

டிலேயில் இன்னொரு குமிழ் இருக்கிறது, ஃபீட்பேக். திரும்பி வந்த ஒலியில் எவ்வளவைத் திரும்பவும் உள்ளே விடுவது என்று அது தீர்மானிக்கிறது. அதை முழு அளவைத் தாண்டித் திருப்பினால் ஓசை அடங்குவதற்குப் பதில் வளர்ந்துகொண்டே போய் ஓலமாகிவிடும். டப் கலைஞர்கள் இதை விரும்பிப் பயன்படுத்துவார்கள், அவர்களின் களத்தில் அதற்கு வலிமை உண்டு. துதியில் நான் இதை ஏற்க மாட்டேன். அன்னமாகிப் பறந்த பிரமனின் பயணம் அது, மேலே மேலே போய் எங்கேயும் சேராதது. மெய்கண்டார் 13-ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதத்தை 12 சூத்திரங்களில் எழுதியபோது, உலகத்துக்கு முதல்வன் யார் என்ற கேள்வியைப் படைப்பவனிடம் நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் ஒடுக்கிக்கொள்பவன் எவனோ, ஒடுங்கியவை மீண்டும் எவனிடமிருந்து தோன்றுமோ, அவனே முதல்வன் என்று முதல் சூத்திரத்திலேயே வாதத்தை நிறுவுகிறார். முடிவைக் கொண்டு மூலத்தை அறிவது சித்தாந்தத்தின் முதல் அடி. முடிவே வராத ஓசை அந்த அறிதலுக்கு உதவாது. ஆகவே ஃபீட்பேக் அளவாக இருக்க வேண்டும்: நான்கைந்து முறை திரும்பி வந்து, அடங்கி, அடங்கியதற்குப் பிறகு ஒரு வெற்று நேரம் கேட்கும்படி.

வேறு விதமான மறுப்பு ஒன்று உண்டு. கஞ்சாப் புகையிலும் ஆட்டக்களத்திலும் வளர்ந்த அந்நிய இசையை அருணாசலத்தின் பெயரோடு சேர்ப்பது அவமதிப்பு என்பது. இதைச் சொல்பவர்கள் டப்பின் ஒரு பாதியை மட்டும் அறிந்தவர்கள். டப் வளர்ந்த ஜமைக்காவின் ரஸ்தபாரி ஒரு சமயம். அதன் அடியார்கள் விவிலியத்தின் சங்கீதப் பாடல்களை முரசோடு பாடி வழிபட்டவர்கள். அந்த முழவின் அடிதான் ரெகே இசையின் வழியாக டப்புக்குள் இருக்கிறது. கடல் கடந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் சந்ததியினர், தங்களிடமிருந்து அறுக்கப்பட்ட ஓர் ஊரை நினைக்கும் ஓசையாக அந்த எதிரொலியைக் கேட்கலாம் என்று மைக்கேல் வீல் 2007-இல் வெளிவந்த தம் டப் பற்றிய நூலில் எழுதுகிறார். 1845 முதல் இந்தியாவிலிருந்தும் கூலி ஒப்பந்தத்தில் ஜமைக்காவுக்கு ஆட்கள் போனார்கள். கஞ்சா என்ற பெயரே அவர்களோடு போனது. நம் ஊரிலிருந்து கப்பலேறிய கூலிகள் பல தீவுகளில் எழுப்பிய மாரியம்மன் கோயில்களையும் முழவையும் அறிந்தவர்களுக்கு இந்த ஏக்கம் அந்நியமாக இருக்க முடியாது. மாணிக்கவாசகரின் பாடல்களைப் புடாபெஸ்ட் இசைக்குழுவோடு இளையராஜா 2005-இல் கொண்டுவந்தபோதும் இதுபோன்ற கேள்விகளுக்கு இடம் இருந்தது, பாட்டு அவற்றைக் கடந்து நிற்கிறது. நான் வைக்கும் நிபந்தனை வேறு: கிங்ஸ்டனின் கைத்திறனை எடுப்பவர் எடுத்த இடத்தைப் பெயரோடு சொல்ல வேண்டும், அவர்களின் துயரத்தை வெறும் புகைமூட்ட மணமாக ஆக்கிவிடக் கூடாது. பேஸ் பற்றியும் ஒரு வார்த்தை. டப்பின் பேஸ் சுவரைத் தாண்டும், பக்கத்து வீட்டுக் குழந்தையின் தூக்கத்தைத் தாண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை வைக்கின்றன. பௌர்ணமி இரவில் மலையடியில் பெரிய ஒலிபெருக்கி கட்டி இந்த இசையைப் போட வேண்டும் என்று யாராவது சொன்னால், முன்னால் நின்று வேண்டாம் என்பேன். இது தனியாக உட்கார்ந்து கேட்பதற்கான இசை.

கடைசி மறுப்பு எல்லாவற்றிலும் ஆழமானது. இந்த மலையின் உபதேசம் மௌனம். தட்சிணாமூர்த்தியும் ரமணரும் பேசாமல் சொன்ன ஊரில், எதிரொலியின் அளவைப் பற்றி இவ்வளவு பேசுவது எதற்கு, சும்மா இருந்தால் போதாதா? போதும்தான், இருக்க முடிந்தவர்களுக்கு. ஆனால் விருபாட்ச குகையில் மௌனத்தில் இருந்தவரே, பிட்சைக்கு ஊருக்குள் போன அடியார்கள் பாடுவதற்காக அட்சரமணமாலையின் 108 கண்ணிகளைப் பாடித் தந்தார். தெருவில் அந்தப் பாட்டைக் கேட்டவர்கள் மலையிலிருந்து வருகிறவர்கள் என்று அறிந்து சோறு எடுத்து வைத்தார்கள். மௌனம் தன்னிடம் கூப்பிட ஓசையைத்தான் அனுப்பியது. அந்த மாலையிலும் சரி, திருவெம்பாவையிலும் சரி, ஒவ்வொரு பாட்டின் கடைசியிலும் ஒரே விளி திரும்பி வருகிறது. சொற்கள் மாறிக்கொண்டே போக, விளி மாறாமல் நிற்கிறது. கருவி வருவதற்கு முன்பே பாட்டுக்குள் கட்டிவைத்திருந்த எதிரொலி அது, ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு மனித வாய் அதைப் புதிதாகச் சொல்ல வேண்டும். அதனால் டிலேக்கு நான் தரும் இடம் மிகக் குறுகியது. பாட்டின் சொல்லெல்லாம் பாடுபவரிடமே இருக்கட்டும், உலர்ந்த குரலாகவே, சிறிய மண்டபத்து முழக்கத்தோடு. கடைசி விளியில் மட்டும் நாடா எக்கோவைத் திறந்து, குரலின் ஃபேடரை இறக்கி, விளி நான்கைந்து முறை தேய்ந்து அடங்கிய பிறகு, அடுத்த பாட்டைத் தொடங்குவதற்கு முன் இரண்டு மூன்று அடி வெறுமையாக விடலாம். அந்த வெறுமையில் கேட்பவர் விளியைத் தாமே சொல்லிக்கொண்டால், ரெட்வுட்டின் தட்டில் விடுபட்ட குரலுக்குக் கூட்டம் செய்ததை அவரும் செய்கிறார். அவர் சொல்வது சத்தமாக இருக்கலாம், உதட்டளவில் இருக்கலாம், மனத்துக்குள்ளும் இருக்கலாம். உந்தியார் வைத்த படியில் எது என்பது அவர் கையில்.